ஒகேனக்கலுக்குப் பதிலாக ஒரு கலைக் கல்லூரி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கான வழிகாட்டி

நம் பக்கத்து வீடுகளில் ஒருநாள் பயணம் என்றால் இடங்கள் ஏற்கெனவே முடிவாகி இருக்கும். தருமபுரிக்காரர்கள் ஒகேனக்கல் போவார்கள், கிருஷ்ணகிரிக்காரர்கள் கே.ஆர்.பி. அணைக்குப் போவார்கள், கொஞ்சம் கையில் பணம் இருந்தால் ஏற்காடு. இவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாலாவது முறை பரிசலில் ஏறும்போது மனம் வேறு எதையாவது தேடத் தொடங்குகிறது. அப்படித் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் கலைக் கல்லூரி வளாகம். ஓவியமும் சிற்பமும் கற்றுத்தரும் கல்லூரிக்குள் ஒரு பார்வையாளராகப் போய், அரை நாள் சுற்றிப் பார்த்து வருவது எப்படி என்பதை, இதற்கு முன் அப்படிப் போயிராதவர்களை மனத்தில் வைத்து இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

அருங்காட்சியகத்தில் முடிந்துபோன பொருள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். கலைக் கல்லூரியில் பாதி செதுக்கிய முகம், மூக்கு வராத களிமண் தலை, மூன்று முறை அழித்து நான்காவது முறை வரைந்த கை ஆகியவை கண்முன் கிடக்கும். ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்கவே அங்கே போக வேண்டும் என்ற எண்ணத்தோடு கிளம்பினால், கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் எல்லாம் எதற்காக என்பது தானே விளங்கும்.

முதலில், எந்த வளாகம் என்று முடிவு செய்யுங்கள்

நமக்கு எட்டும் தொலைவில் மூன்று இடங்கள் உண்டு. பக்கத்தில் இருப்பது பெங்களூருவின் கர்நாடக சித்ரகலா பரிஷத். 1960-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் குமாரகிருபா சாலையில் மரங்கள் அடர்ந்த வளாகத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான் என்பதால் காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இங்குள்ள காட்சிக்கூடங்கள் பொதுமக்களுக்காகவே நடத்தப்படுகின்றன. கட்டணம் செலுத்தி நேராக உள்ளே போகலாம். மைசூர் மரபு ஓவியங்கள், தோற்பாவைகள், ரஷ்ய ஓவியர்களான ரோரிக் குடும்பத்தாரின் ஓவியங்கள் என்று பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. முன் அனுமதி, கடிதம் என்ற சிக்கல் இல்லாமல் முதல் அனுபவம் பெற விரும்புகிறவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம். ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சாலை முழுவதையும் அடைத்து ‘சித்ர சந்தே’ என்ற ஓவியச் சந்தை நடத்துகிறார்கள். ஓவியர்கள் நடைபாதையில் உட்கார்ந்து தங்கள் படைப்புகளை விற்பார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் அன்று போங்கள். பணிக்கூடங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் அன்று தவிர வேறு எந்த நாளும் சரி.

இரண்டாவது, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. தொலைவு அதிகம், கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 255 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கூட. ஆனாலும் தமிழ் வாசகருக்கு என் பரிந்துரை இதுதான். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட அரசு கட்டிட மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி. கோயில் கட்டுமானம், கற்சிற்பம், உலோகச் சிற்பம், சுதைச் சிற்பம், மரபு ஓவியம் ஆகியவற்றைச் சிற்ப சாத்திர வழியில் கற்பிக்கும் இடம். சென்னை போய்த் தங்கும் வசதி இருந்தால் மறுநாளுக்கு இதை வைத்துக்கொள்ளலாம். கிரானைட் தொழிலோடு தொடர்புள்ள குடும்பமாக இருந்தால் மற்ற இரண்டையும் விட இது அதிகம் பிடித்துப்போகக்கூடும்.

நாள் குறித்தல்

கலைக் கல்லூரிக்கு விடுமுறை நாளில் போவது, சந்தை இல்லாத நாளில் சந்தைத் திடலுக்குப் போவதைப் போன்றது. கட்டிடம் இருக்கும், வேலை நடக்காது. ஆகவே ஞாயிறு, அரசு விடுமுறை, பருவத் தேர்வு நடக்கும் வாரங்கள், மாணவர் சேர்க்கை நடக்கும் நாட்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களில் வகுப்புகள் சூடு பிடித்திருக்கும், வெயிலும் கடுமையாக இராது. கல்வியாண்டின் இறுதியில் மாணவர்கள் தங்கள் படைப்புகளைக் கண்காட்சியாக வைப்பதும் வழக்கம். அந்த நாள் எப்போது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால், அன்று யாரும் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சென்னைக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். கல்லூரியைப் பார்த்த கையோடு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் பொருத்தமாக இருக்கும்.

கடிதம் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததன் பலனை நான் அனுபவித்திருக்கிறேன். முதன்முறை ஒரு கலைக் கல்லூரிக்குப் போனபோது, எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம், குடும்பத்தோடு ஏழு பேர், கையில் புளிசாதப் பை, முன்னறிவிப்பு எதுவும் இல்லை. உள்ளே தேர்வு நடந்துகொண்டிருந்தது. வாயிற்காவலர், “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார். யாரையும் பார்க்க வரவில்லை, சும்மா பார்க்க வந்தோம் என்று நான் சொன்ன பதிலை அவரால் எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு, எதிரில் இருந்த மரத்தடியில் புளிசாதத்தைச் சாப்பிட்டுத் திரும்பினோம். அவர் மேல் தப்பில்லை. இவை சுற்றுலாத் தலங்கள் அல்ல, படிப்பு நடக்கும் இடங்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரும் எதற்காக வருகிறார் என்று அவர் எழுதியாக வேண்டும்.

ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை. “மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள், மொத்தம் ஐந்து பேர். ஓவியம், சிற்பம் ஆகியவை உருவாகும் முறையை நேரில் காண விரும்புகிறோம். இன்ன தேதியில் காலை பத்தரை மணி முதல் ஒரு மணி வரை தங்கள் கல்லூரியின் பணிக்கூடங்களைப் பார்வையிட அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வகுப்புகளுக்கு இடையூறு நேராமல் நடந்துகொள்வோம்” என்ற அளவே போதும். எத்தனை பேர், எந்தத் தேதி, எவ்வளவு நேரம், எதைப் பார்க்க வேண்டும், உங்கள் கைபேசி எண் என்ன என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர் எவரேனும் உங்களோடு வருவதாக இருந்தால் பள்ளியின் முகப்புத்தாளில் எழுதச் சொல்லுங்கள், வேலை எளிதாகிவிடும். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அலுவலகத்துக்கு ஒருமுறை பேசி, நாளை உறுதி செய்துகொள்ளுங்கள். கடித நகலும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஐந்து ஆறு பேருக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் பணிக்கூடத்தில் நிற்க இடம் இருக்காது.

போவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

இது கட்டாயம் அல்ல, ஆனால் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். கல்லூரிக்குப் போவதற்கு முந்தைய வார இறுதியில் நம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு இடங்களுக்குப் போய் வாருங்கள்.

ஒன்று, தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகம். அங்கே வைக்கப்பட்டிருக்கும் நடுகற்களின் முன்னால் நின்று, போரில் இறந்த வீரனைச் சிற்பி எவ்வளவு குறைந்த வெட்டுகளில் காட்டியிருக்கிறான் என்று பாருங்கள். கால் ஓடும் நிலையில் இருக்கும், வில் வளைந்திருக்கும், முகத்தில் பெரும்பாலும் விவரமே இருக்காது. ஆனாலும் அவன் பாய்கிறான் என்பது தெரியும். பின்னணியை எவ்வளவு ஆழம் குடைந்தால் உருவம் மேலே எழுந்து நிற்கும் என்ற கணக்கு, கல்லூரியில் புடைப்புச் சிற்பம் கற்கும் முதலாண்டு மாணவர் இன்றும் மல்லுக்கட்டும் கணக்குதான்.

இன்னொன்று, சேலம் சாலையில் சிறிது தூரம் போனால் வரும் அதியமான்கோட்டையிலுள்ள சென்றாயப் பெருமாள் கோயில். மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். நிறம் மங்கிய இடங்களில் கோடு மட்டும் எஞ்சியிருக்கும். அந்தக் கோடு எங்கே தடித்து, எங்கே மெலிந்து ஓடுகிறது என்று கவனியுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தார் பர்கூருக்கு அருகேயுள்ள மல்லப்பாடியின் பாறை ஓவியங்களைத் தேடிப் போகலாம். வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரை வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்டினால் நல்லது. வெயிலுக்கு முன்பே ஏறி இறங்கிவிடுங்கள்.

பயணமும் பையும்

பெங்களூருவுக்குப் போகிறவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக நாள் முழுதும் பேருந்து உண்டு; தருமபுரியிலிருந்து ராயக்கோட்டை, ஓசூர் வழியாக ரயிலும் உண்டு. மெஜஸ்டிக் வரை போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து ஆட்டோவில் சிறு தூரம்தான். ஆட்டோக்காரரிடம் சிவானந்தா சர்க்கிள் பக்கம் சித்ரகலா பரிஷத் என்று சொன்னால் போதும்.

சென்னைக்கு இரவுப் பயணம்தான் சரிப்படும். பேருந்தில் போகலாம், தருமபுரி மாவட்டத்தார் மொரப்பூரில் நிற்கும் விரைவு ரயிலில் முன்பதிவு செய்து சென்ட்ரலில் இறங்கலாம். கல்லூரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கினாலும் எழும்பூரில் இறங்கினாலும் ஆட்டோவில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். காலையில் குளித்து உடை மாற்ற ரயில் நிலையத்து ஓய்வறை போதுமானது.

உடை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: பட்டுப் புடவையோ வெள்ளை வேட்டியோ வேண்டாம். எண்ணெய் வண்ணம் ஒட்டினால் போகாது, அச்சு மை அதைவிட மோசம். விரலை மூடும் காலணி போடுங்கள், ஏனென்றால் கல் செதுக்கும் இடத்தில் தரையெங்கும் சில்லுகள் கிடக்கும். தண்ணீர், ஒரு சிறு குறிப்பேடு, இரண்டு பென்சில், வாங்கும் படத்தைச் சுருட்டி வைக்க ஓர் அட்டைக் குழாய். செல்ஃபி குச்சியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வளாகத்துக்குள்: எந்த வரிசையில் பார்ப்பது

சென்னைக் கல்லூரியை வைத்தே இதைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்து பதிவேட்டில் எழுதிய பிறகு, உடனே வகுப்புகளுக்குள் புகாமல், ஒரு பத்து நிமிடம் மரத்தடியில் நின்று அந்த இடம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற படை மருத்துவர் சொந்த முயற்சியில் தொடங்கிய கலைப்பள்ளி இது. சில ஆண்டுகளிலேயே அரசின் கைக்கு வந்தது. ஓவியர்களை உருவாக்குவதைவிடக் கைவினைஞர்களைப் பயிற்றுவிப்பதே அப்போதைய நோக்கமாக இருந்தது. நம் வீடுகளில் இன்றைக்கும் கிடக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் இந்த வளாகத்துக்கும் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் இங்கே பொறுப்பில் இருந்தபோது, 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனைகளைத் தொடங்கினார். அதிலிருந்துதான் தென்னாட்டில் அந்தத் தொழில் வேர்பிடித்தது. அடுத்த முறை தருமபுரிச் சந்தையில் அலுமினியச் சட்டியைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதன் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார். மெரினா கடற்கரையில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. அந்தச் சிலைக்குக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றதாகச் சொல்வார்கள். அவருக்குப் பின் 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில், மேற்கத்திய முறையை அப்படியே நகலெடுக்காமல் நம் கோடு, நம் எழுத்து, நம் சடங்கு வடிவங்கள் ஆகியவற்றிலிருந்து நவீன ஓவியத்தை எழுப்ப முயன்ற ஒரு தலைமுறை உருவானது. சென்னைக் கலை இயக்கம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். காந்தியைக் கோடுகளிலேயே எழுப்பிக் காட்டிய கே.எம். ஆதிமூலம் இங்கே படித்தவர்தான். சிற்றிதழ்களும் நூல் அட்டைகளும் வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அவருடைய கை ஏற்கெனவே பழக்கமாகி இருக்கும். தொலைவு அதிகம் என்றாலும் இந்த வளாகத்தையே நான் பரிந்துரைப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

முதலில் ஓவியப் பிரிவுக்குப் போங்கள். மனித உருவத்தை நேரில் பார்த்து வரையும் வகுப்பு நடந்துகொண்டிருந்தால், வாசலிலேயே நின்று ஆசிரியரின் கண் அசைவுக்காகக் காத்திருங்கள். நடுவில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் படப்பலகையைத் தாங்கும் சட்டங்களின் முன் பத்துப் பதினைந்து பேர் வரைந்துகொண்டிருப்பார்கள். ஒரே ஆள்தான், ஆனால் ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வொரு ஆளாக இருப்பார். தரையைக் கவனியுங்கள். உட்கார்ந்திருப்பவரின் பாதத்தைச் சுற்றியும் நாற்காலிக் கால்களைச் சுற்றியும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருப்பார்கள். அவர் தேநீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பி வந்தால் அதே இடத்தில், அதே கோணத்தில் கால் வைக்க வேண்டுமல்லவா, அதற்காக. இந்த வகுப்பில் கைபேசியை வெளியே எடுக்கவே கூடாது. உட்கார்ந்திருப்பவர் தினக்கூலிக்கு வந்தவராக இருக்கலாம். அவர் படம் உங்கள் குழுவில் பரவுவதை அவர் ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

அடுத்தது சிற்பப் பிரிவு. இங்கே அவசரப்படாதீர்கள். களிமண் உருவத்துக்குள் இரும்புக் கம்பியால் ஒரு கூடு இருக்கும். அது இல்லாவிட்டால் நீட்டிய கை ஈரக் களிமண்ணின் எடை தாங்காமல் விழுந்துவிடும். வேலை நடக்காத நேரத்தில் அந்த உருவத்தை ஈரச் சாக்கால் சுற்றி, மேலே பாலிதீன் தாள் போர்த்தி வைத்திருப்பார்கள். ஆவலில் அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய பிழை. காற்று பட்டு ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் வெடிப்பு விழும், மூன்று வார வேலை போய்விடும். களிமண் உருவம் முடிந்ததும் அதன்மேல் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சைப் பிரிக்கும்போது களிமண் சிதைந்துபோகும். வெற்றிடமாக எஞ்சும் அச்சுக்குள் சிமென்டோ ஃபைபரோ வார்த்து மீண்டும் உருவத்தைப் பெறுவார்கள். முதலில் செய்தது அழிந்தால்தான் நிலைப்பது கிடைக்கும் என்ற இந்த முறையை ஒரு மாணவர் விளக்கிக் காட்டினால், அதற்கு ஒரு மணி நேரம் போனாலும் தகும்.

கல் செதுக்கும் இடம் நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒருமுறை பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவை உடன் அழைத்துப் போயிருந்தேன். அதுவரை வாய் திறக்காமல் பின்னால் வந்துகொண்டிருந்தவர், ஒரு மாணவர் புதிதாக இறக்கிய கல்லை அளந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் அருகே போய்ச் சுண்டிப் பார்த்தார். “தம்பி, உளி வைக்காதே. கொஞ்சம் தண்ணி ஊத்து” என்றார். மாணவர் ஒரு குவளைத் தண்ணீரைக் கல்மேல் ஊற்றினார். நாங்கள் நின்று பேசிக்கொண்டிருந்தோம். வெயிலில் கல்லின் மேற்பரப்பு காய்ந்தது. ஆனால் ஒரு மூலையிலிருந்து குறுக்காக முடியளவு மெல்லிய ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றது. உள்ளே ஓடும் விரிசல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. “இந்தப் பக்கம் தலை வச்சீன்னா கழுத்தோட போயிடும்” என்று பெரியப்பா சொல்ல, “ஐயா, அப்ப எந்தப் பக்கங்க ஐயா வைக்கிறது?” என்று அந்த மாணவர் கேட்க, அடுத்த ஒரு மணி நேரம் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. உங்கள் வீட்டிலும் கல், மரம், மண், தறி என்று எதையாவது கையாண்ட பெரியவர் இருந்தால், இந்தப் பயணத்துக்கு அவரையே முதல் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிப்போவியப் பிரிவைப் பலர் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டு, நேரம் போதாமல் தவறவிடுகிறார்கள். துத்தநாகத் தகட்டின் மேல் அமிலம் தின்னாத ஒரு பூச்சைத் தடவி, ஊசியால் அந்தப் பூச்சைக் கீறிப் படம் வரைந்து, தகட்டை அமிலத்தில் அமிழ்த்துவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பிறகு பூச்சைக் கழுவிவிட்டு, தகடு முழுவதும் மையை அப்பித் துணியால் துடைப்பார்கள். கடைசியில் உள்ளங்கையின் ஓரத்தால் ஒருமுறை மெல்ல வழித்தெடுப்பார்கள். மேற்பரப்பு பளபளவென்று வெறுமையாகிவிடும், பள்ளத்துக்குள் மட்டும் மை தங்கியிருக்கும். நனைத்து ஒற்றிய தாளை அதன்மேல் விரித்து, கனமான உருளைகளுக்கு இடையே நெருக்கி எடுத்தால், தாள் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து மையைக் கவ்விக்கொண்டு வரும். தாளைத் தூக்கிப் பிரிக்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள். வரைந்தது இடவலம் மாறித்தான் வரும். ஆகவே தகட்டில் எழுத்து இருந்தால் மாணவர் அதை இடவலம் மாற்றிப் பழகி எழுதியிருப்பார். அமிலத் தொட்டி இருக்கும் பக்கம் குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

சுடுமண் பிரிவில் சக்கரமும் சூளையும் இருக்கும், துகிலியல் பிரிவில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக்கும் துணி வடிவமைப்பும் இருக்கும். இவற்றை நேரம் இருந்தால் பாருங்கள்.

என்ன கேட்பது, என்ன கேட்கக் கூடாது

நின்று வேலை செய்யும் மாணவரிடம், “இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்காதீர்கள். அவர் வீட்டில் அதை ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார்கள். உங்கள் பிள்ளையைச் சேர்க்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், அலுவலகத்தில் சேர்க்கை முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கைக்குக் கையால் வரைந்து காட்டும் திறன் பார்க்கப்படும் என்பதை மட்டும் இப்போதே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். “இது என்ன உருவம்?” என்ற கேள்வியும் பெரும்பாலும் பேச்சை முறித்துவிடும். “இதை எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?”, “இந்த இடத்தை ஏன் அழிச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் நீளும். ஒரு படைப்பு பிடிக்கவில்லை என்றால் பேசாமல் அடுத்ததற்கு நகர்வது நாகரிகம். என் மகனும் இப்படித்தான் கிறுக்குவான் என்று சொல்வது எந்த ஊரிலும் நாகரிகம் ஆகாது. படம் எடுக்க வேண்டும் என்றால் ஆளிடமும் கேளுங்கள், படைப்பு யாருடையதோ அவரிடமும் கேளுங்கள்.

வாங்குதல்

கண்காட்சி நாட்களில் மாணவர் படைப்புகள் விலைக்குக் கிடைக்கும். குறைந்த செலவில் உண்மையான கலைப்படைப்பு வேண்டும் என்றால் பதிப்போவியம் வாங்குங்கள். படத்தின் கீழ் இடது ஓரத்தில் பென்சிலால் 3/10 என்பது போல எழுதியிருக்கும். பத்துப் படிகள் எடுத்ததில் இது மூன்றாவது என்று பொருள். வலது ஓரத்தில் கையொப்பம் இருக்கும். இரண்டும் பென்சிலில்தான் இருக்க வேண்டும், அச்சில் அல்ல. சொன்ன விலையில் பேரம் பேசாதீர்கள். மாங்காய் மண்டியில் பேசும் பேச்சு இங்கே பொருந்தாது, தாளும் மையும் தகடும் மாணவர் கைக்காசில் வாங்கியவை. பணம் கொடுத்ததும் பெயர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிற்பகல்

ஒரு மணிக்கு மேல் வளாகத்தில் இருக்காதீர்கள். மாணவர்களுக்கும் சாப்பாட்டு நேரம். வெளியேறும் முன் குறிப்பேட்டை எடுத்து, கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றை, ஒரு தூணோ உடைந்த பிளாஸ்டர்ப் பாதமோ, பத்து நிமிடம் உட்கார்ந்து வரையுங்கள். நன்றாக வர வேண்டும் என்ற அவசியமே இல்லை. வரைய முயன்ற பொருளின் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்பது ஊர் திரும்பிய பிறகும் நினைவில் நிற்கும். கைபேசியில் எடுத்த ஐம்பது படங்களில் ஒன்றுகூட அப்படி நிற்பதில்லை.

எழும்பூரிலேயே சாப்பிட்டுவிட்டு அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1851-இல் தொடங்கிய இடம். முழுவதையும் பார்க்க முயன்றால் களைத்துப்போவீர்கள். செப்புத் திருமேனிக் கூடத்தை மட்டும் பார்த்தால் போதும். காலையில் அச்சும் வார்ப்பும் பார்த்த கண்ணோடு சோழர் காலத்து நடராசரின் முன் நிற்கும்போது, முதலில் மெழுகில் செய்து, மண்ணால் பூசி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை நிரப்பிய வழி மனத்தில் ஓடும். இன்னொரு நாள் தங்க முடிந்தவர்கள், பணிக்கரும் அவருடைய சக ஓவியர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் போய் வரலாம். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில் ஓவியர்களே நிலம் வாங்கிக் குடியேறிய இடம் அது. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

திரும்பும் பேருந்தில் படக்குழாயை மேல்தட்டில் வைக்காதீர்கள். வாணியம்பாடி தாண்டுவதற்குள் யாராவது அதன்மேல் அரிசி மூட்டையை வைத்துவிடுவார்கள். மடியிலோ சன்னலோரத்திலோ செங்குத்தாக நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே குழாயிலிருந்து எடுத்து, இரண்டு தடித்த அட்டைகளுக்கு இடையே ஒரு வாரம் வைத்துச் சுருளை நீக்கிய பிறகே சட்டம் போடக் கொடுங்கள். அந்த வாரத்துக்குள் கல்லூரி முதல்வருக்கு நான்கு வரியில் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பிவிடுங்கள். நான் அப்படி அனுப்பியதில், அடுத்த முறை தொலைபேசியில் பேசியபோது அலுவலகத்தில் இருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, “கல்லுக்குத் தண்ணி ஊத்தச் சொன்ன பெரியவர் இந்தத் தடவையும் வர்றாருங்களா?” என்றுதான் கேட்டார்.